முறிந்த இல்லறமும் முறியாத கடமையும்

மணம் பலர் அறிய நடைபெறுகிறது. நாதசுரமும் தவிலும் முழங்க, பெரியோர் அறுகரிசியிட்டு வாழ்த்த, அக்கினி சான்றாக ஒருவன் ஒருத்தியின் கரம் பற்றுகிறான். அந்த நாளையும் நேரத்தையும் உற்றார் நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கின்றனர். அதே மணம் எந்த நாளில் முறிந்தது என்று கேட்டாலோ, மணந்த இருவருக்குங்கூட விடை தெரிவதில்லை. நீதிமன்றத்தில் தீர்ப்புக் கூறப்பட்ட நாளை உலகம் மணமுறிவு நாளெனக் கொள்கிறது. ஆனால் ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டே இருவரும் மனம்விட்டுப் பேசுவதை நிறுத்திய ஏதோ ஓராண்டில் அவ்வில்லறம் உள்ளே இற்றுப்போயிருக்கும்.

விவாகரத்து என்னும் சொல்லை வீட்டில் உச்சரிக்கவும் அஞ்சிய சமுதாயம் நம்முடையது. இன்று அச்சொல் நம் வீடுகளிலும் கேட்கிறது; நம் வகுப்பறைகளிலும் அதன் நிழல் விழுகிறது. ஆதலின் அதனைப்பற்றி வெளிப்படையாகச் சிந்தித்தல் வேண்டும். இல்லறங்கள் ஏன் முறிகின்றன? முறியாமற் காக்க வழியுண்டா? முறிந்தே தீரும் என்ற நிலை வந்துவிட்டால் அதனால் விளையும் கேட்டினை எங்ஙனம் குறைக்கலாம்? இம்மூன்று வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

ஒன்றை முதலிலேயே கூறிவிடுதல் நலம். மணமுறிவினால் இருவகைத் துன்பங்கள் உண்டாகின்றன. பிரிவினால் வருவது ஒன்று. பகையினால் வருவது மற்றொன்று. முதலாவதைச் சில வேளைகளில் எவராலும் தவிர்த்தல் இயலாது. இரண்டாவதோ மனிதர் தம் கையால் ஆக்கிக்கொள்வது; ஆதலால் அவர்தம் கையாலேயே தவிர்க்கத்தக்கது. பிள்ளைகளைப் பெரிதும் வாட்டுவது இந்த இரண்டாவது துன்பமேயாம்.

மன்றிற் கூறும் காரணமும் மனையில் உள்ள காரணமும்

இலங்கையின் பொதுச் சட்டப்படி நிகழும் மணங்களுக்கு அடிப்படையாக அமைந்தது 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமாகும். அது விவாகரத்துக்கு மூன்று காரணங்களைக் குறித்தது. மணத்தின்பின் பிறரைக் கூடும் சோரம் ஒன்று. கெட்ட எண்ணத்தோடு துணையைக் கைவிட்டகலுதல் இரண்டு. மணஞ்செய்த காலத்திலேயே இருந்த, தீர்த்தற்கரிய தாம்பத்திய இயலாமை மூன்று. துணைவரின் கொடுமை பொறாது ஒருவர் வீட்டைவிட்டு நீங்கினால், நீங்கியவரைக் குற்றவாளியாகக் கொள்ளாது, நீங்கும்படி செய்தவரையே கைவிட்டவராகக் கொள்ளும் வழக்கமும் நீதிமன்றங்களில் வளர்ந்தது.

இச்சட்டத்தின் உட்கிடை யாது? ஒருவர் குற்றவாளி, மற்றவர் குற்றமற்றவர் என்று நிறுவினாலன்றி மணத்தைத் தீர்க்க முடியாது என்பதே. இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினும் ஒருவர்மீது குற்றஞ் சாட்டுதல் வேண்டும். மற்றவர் அதனை எதிர்த்து வாதாடாதிருத்தல் வேண்டும். இதனாலேயே ‘கைவிட்டகலுதல்’ என்ற ஒரே தொடரின்கீழ் நூறு வகைக் கதைகள் நீதிமன்ற ஏடுகளில் அடங்கிக் கிடக்கின்றன. மன்றிற் கூறிய காரணத்தைக் கொண்டு மனையில் நிகழ்ந்ததை அறிந்துவிட்டோம் என எண்ணுதல் பேதைமை. மெய்யான காரணங்களை நாம் வேறிடங்களில் தேடுதல் வேண்டும்.

கலியாணப் பேச்சில் விழும் கீறல்

பல இல்லறங்களில் முதற் கீறல் மணவறைக்கு முன்னரே விழுந்துவிடுகிறது. தரகர் வருகிறார், குறிப்புக்கள் கைமாறுகின்றன, சாத்திரியார் பொருத்தம் பார்க்கிறார். காணி எத்தனை பரப்பு, வீடு எவ்விடத்தில், நகை எத்தனை பவுண், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கும் நன்கொடை எவ்வளவு என்பன எல்லாம் கணக்கிடப்படுகின்றன. வாழப்போகும் இருவருடைய இயல்பு எத்தகையது என்பதை மாத்திரம் எவரும் கணக்கிடுவதில்லை. பிள்ளைக்கு முன்கோபம் உண்டா, குடிப்பழக்கம் உண்டா, கடன் உண்டா, உடலிலோ உள்ளத்திலோ நோய் உண்டா, வேறொருவர்மீது விருப்பம் உண்டா என்ற வினாக்கள் அநாகரிகமானவை எனத் தள்ளப்படுகின்றன. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்துவைத்தல் புண்ணியம் என்னும் பழமொழி இதற்குத் துணைநிற்கிறது.

தொல்காப்பியர் கற்பியலிலே கூறும் செய்தி ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. காதலித்துக் கூடியோர் பின்னர் பொய் கூறியும் வழுவியும் நடக்கத் தலைப்பட்டமையால், அதனைத் தடுத்தற்பொருட்டே முன்னோர் மணச்சடங்கினை வகுத்தனர் என்பது அவர் கருத்து. பொய்யைத் தடுக்கப் பிறந்தது சடங்கு. நாமோ அச்சடங்கினை நிறைவேற்றுதற்காகப் பொய் கூறுகின்றோம்! மறைத்தவை எல்லாம் மணமான ஓரிரு திங்களில் வெளியாகின்றன. அப்பொழுது உள்ளத்தில் எழுவது நோயைப்பற்றிய வருத்தமோ கடனைப்பற்றிய கவலையோ மாத்திரமன்று. ‘நான் ஏமாற்றப்பட்டேன்’ என்ற ஆறாத புண்ணும் கூடவே எழுகிறது. நோயைப் பொறுத்துக்கொள்வார் பலர். வஞ்சனையைப் பொறுப்பார் சிலர்.

சீதனத்தைப் பற்றியும் ஒரு சொல். 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமை சீதனத்தைப் பெண்ணின் உடைமையாகவே கொண்டது. பெண் தன் வீட்டிலிருந்து பெற்றுச் செல்லும் பங்கு அது. அவளுக்கு அரணாக நிற்க வேண்டியது. பிற்காலத்தில் அதனோடு மாப்பிள்ளை வீட்டாருக்கு ரொக்கமாகக் கொடுக்கும் நன்கொடையும் சேர்ந்துகொண்டது. மணம் பேரமாயிற்று. பேரத்தில் எவர்க்கும் முழு நிறைவு உண்டாவதில்லை. கொடுத்தவர் ‘இவ்வளவு கொடுத்தும் மதிக்கவில்லையே’ என்கிறார். பெற்றவர் ‘சொன்னபடி தரவில்லையே’ என்கிறார். இவ்விரு குறைகளுக்கும் நடுவிலே இரண்டு இளம் உள்ளங்கள் குடித்தனம் தொடங்குகின்றன.

மதுவும் கடனும் நெடும்பிரிவும்

மணத்தின்பின் தோன்றும் காரணங்களுள் மதுவைத் தலையாயதாகக் கூறலாம். மது பணத்தைக் கரைக்கிறது. பணம் கரையவே கடன் வருகிறது. கடன் வரவே பொய் வருகிறது. பொய் வெளிப்படவே அடியும் உதையும் வருகின்றன. இவை நான்கும் ஒரே சங்கிலியின் வளையங்கள். முதல் வளையத்தைக் கண்டபோதே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோர் பிழைக்கின்றனர். ‘கலியாணம் முடிந்தால் திருந்துவான்’, ‘பிள்ளை பிறந்தால் திருந்துவான்’ என்று நாட்கடத்துவோர் பெண்ணொருத்தியின் வாழ்வை மருந்தாக வைத்துப் பரிசோதனை நடத்துகின்றனர். இது தகுமா?

நெடும்பிரிவு மற்றொரு காரணம். 1983 ஆம் ஆண்டு முதல் 2009 ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த போர் கணவரையும் மனைவியரையும் திசைக்கொருவராகச் சிதறடித்தது. இலட்சக்கணக்கான தமிழர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் குடியேறினர். அங்குள்ள மாப்பிள்ளைக்கு இங்கிருந்து பெண் பேசும் வழக்கம் பரவிற்று. படம் பார்த்து, தொலைபேசியிற் சில நாட் பேசி, அயல்நாடொன்றில் மணமுடித்து, விசாவுக்காக மாதக்கணக்கிற் காத்திருந்து, ஈற்றில் குளிர்நாட்டு விமான நிலையமொன்றில் இறங்கும் பெண்ணுக்குக் கணவனும் புதியவன், நாடும் புதிது, மொழியும் புதிது. அவன் இரண்டு வேலை செய்து களைத்தவன். அவள் பேச ஆளின்றித் தவிப்பவள். இருவரிடத்தும் பெருங் குற்றமொன்றும் இல்லை. ஆயினும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் அவகாசம் கிடையாமலே பல மணங்கள் வாடிவிடுகின்றன. மனைவி மத்திய கிழக்கில் வேலைசெய்ய, கணவன் இங்கே பிள்ளைகளோடு தனித்திருக்கும் குடும்பங்களிலும் இதே வாட்டம் காணப்படுகிறது.

ஊடலும் இகழ்ச்சியும்

சண்டையே இல்லாத வீடு நல்ல வீடு என்று எண்ணுதல் வேண்டா. வள்ளுவர் ஊடலை உப்புக்கு ஒப்பிட்டார். உப்பில்லாத உணவு சுவையாது. மிகுந்தாலோ வாயில் வைக்க முடியாது. கருத்து வேறுபாடு இல்லறத்தை அழிப்பதில்லை. அவ்வேறுபாட்டை எடுத்துரைக்கும் முறையே அழிக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொற்மன் என்பார் பல்லாண்டு காலமாகத் தம்பதிகள் உரையாடும் முறையை நுணுகி ஆராய்ந்தார். நான்கு பழக்கங்கள் மணமுறிவுக்கு முன்னறிகுறிகளாய் நிற்கின்றன என்று அவர் கண்டார். செயலைக் குறைகூறாது ஆளையே குறைகூறுதல், இகழ்தல், எதைக் கேட்டாலும் தன்பக்கத்து நியாயமே பேசுதல், வாய்மூடி முகந்திருப்பி மதில்போல் நிற்றல் என்பன அவை. இந்நான்கனுள்ளும் இகழ்ச்சியே மிகக் கொடியது என்றார் அவர். ‘இன்று நேரஞ்சென்று வந்தீர்கள்’ என்பது குறை. ‘நீங்கள் என்றைக்குத்தான் சொன்ன நேரத்துக்கு வந்தீர்கள்? உங்கள் பரம்பரையே இப்படித்தான்’ என்பது இகழ்ச்சி. முன்னையதற்கு மறுமொழி உண்டு. பின்னையதற்கு மறுமொழி இல்லை, பகையே உண்டு. மணமாகவிருக்கும் மாணவ மாணவியர் இவ்வேறுபாட்டை இப்பொழுதே அறிந்துகொள்வாராக. குறையைச் சொல்லப் பழகுதல் வேண்டும்; இகழாது சொல்லப் பழகுதல் வேண்டும்.

வாயிலாக நிற்கும் உறவினர்

சங்ககாலத்து அகப்பாடல்களிலே தலைவனுக்கும் தலைவிக்கும் ஊடல் நேரும்போது தோழி, பாணன் முதலியோர் வாயில்களாய் நின்று அதனைத் தணிக்க முயல்வதைக் காண்கிறோம். ‘வாயில்’ என்பது எத்துணை அழகிய சொல்! இடையில் நிற்போர் திறந்துவிடும் கதவாக இருத்தல் வேண்டும் என்பது அதனாற் பெறப்படும். இக்காலத்து உறவினருட் பலர் கதவாக நிற்பதில்லை, மதிலாக நிற்கின்றனர். மகள் கண்கலங்கி வந்தால், நடந்ததை அமைதியாக விசாரிக்காமல், ‘இனி அந்த வீட்டு வாசற்படி மிதிக்காதே’ என்பார் தந்தையார். மருமகள் ஒரு சொல் மறுத்துப் பேசினால் அதனைத் தம் மகனிடம் பத்தாக்கிக் கூறுவார் மாமியார். இரண்டு நாளில் ஆறியிருக்கக்கூடிய ஊடல் இரண்டு குடும்பங்களின் மானப்பிரச்சினையாகிறது.

ஆயின் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள் என்று கூறுவதும் வாயிலாக நிற்பதாகாது. அடிபட்ட உடம்போடு வந்த மகளை, ‘ஊர் என்ன சொல்லும்?’ என்று திருப்பியனுப்பும் பெற்றார், ஊரின் வாய்க்கு அஞ்சி மகளின் உயிரைப் பணயம் வைக்கின்றனர். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்செயல் தடுப்புச் சட்டம் இத்தகையோர்க்கு நீதவான் நீதிமன்றத்திலே பாதுகாப்புக் கட்டளை பெறும் உரிமையை அளித்தது. அக்கட்டளையைப் பன்னிரண்டு மாதம் வரை விதிக்கலாம். விலகுவதே அறமாகும் இடமும் உண்டு என்பதை நாம் மறைத்தலாகாது. உயிருக்கும் உடலுக்கும் கேடு சூழ்ந்த வீட்டில் தங்குதலைப் பொறுமை என எவ்வாறு புகழலாம்?

சட்டம் தரும் உதவியும் இடரும்

நம் நாட்டில் எல்லோர்க்கும் மணச்சட்டம் ஒன்றன்று. கண்டிச் சிங்களவர்க்கென 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டம் உண்டாயிற்று. அது இருவர் மனமொத்துப் பிரிதலையும், ஓராண்டு பிரிந்து வாழ்ந்தோர் இனி இன்புற்று வாழ்தல் இயலாதெனக் கூறுதலையும் ஏற்றது. மாவட்டப் பதிவாளர் முன்னிலையிலேயே அலுவல் முடியவும் வழிசெய்தது. முஸ்லிம் மக்களுக்கு 1951 ஆம் ஆண்டுச் சட்டமும் காதி நீதிமன்றமும் வேறாக அமைந்தன. இந்தியாவிலே 1955 ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டத்தில், 1976 ஆம் ஆண்டு, மனமொத்த விவாகரத்துச் சேர்க்கப்பட்டது. இங்கிலாந்திலே 2022 ஆம் ஆண்டு ஏப்பிரில் முதல் ஒருவர்மீதொருவர் குற்றஞ் சாட்டாமலே மணத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இந்நாட்டுத் தமிழர் பொதுச் சட்டத்தையே நாடவேண்டியிருந்தது. மாவட்ட நீதிமன்றத்தின் முதற்றீர்ப்பு வந்தபின்னும் மூன்று மாதமேனும் கழிந்த பின்னரே அது முடிந்த தீர்ப்பாகும். எதிர்த்து வாதாடப்படும் வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீள்வதுண்டு. குற்றத்தை நிறுவவேண்டியிருப்பதாற் படுக்கையறைச் செய்திகள் வழக்கேட்டில் ஏறுகின்றன. கோபத்தில் எழுதிய கடிதமும், நள்ளிரவில் அனுப்பிய கைத்தொலைபேசிச் செய்தியும் சான்றுகளாகின்றன. ஒருகாலத்தில் அன்பாயிருந்த இருவர், சட்டத்தரணிகளின் வாய்வழியே ஒருவரையொருவர் இழித்துரைக்கின்றனர். வழக்கு முடிகிறது, அச்சொற்கள் முடிவதில்லை. பிள்ளையின் தந்தையும் தாயுமாக அவர்கள் இன்னும் இருபதாண்டுக்காலம் பேசவேண்டியவர்கள் அல்லரோ?

ஆகவே, சட்டம் குற்றத்தைக் கேட்டாலும் வழக்காடுவோர் பழிவாங்கலைக் கேட்கவேண்டியதில்லை. பிள்ளைகள் யாரோடு வாழ்வது, மற்றவர் எந்நாட்களிற் பார்ப்பது, செலவை எவ்வாறு பகிர்வது, காணியையும் வீட்டையும் என்செய்வது என்பனவற்றை வழக்கு ஏறுமுன்னரே பேசி எழுதிக்கொள்வோர் பாதித் துன்பத்தினின்று தப்புகின்றனர். தேசவழமைக்கு உட்பட்டோர் தேடியதேட்டத்தில் இருவர்க்கும் பங்குண்டு என்பதையும், 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் மனைவி தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டிற்று என்பதையும் அறிந்து, தக்க சட்டத்தரணியைக் கலந்துகொள்ளல் வேண்டும். பிரதேச செயலகங்களிற் பணியாற்றும் உளவளத்துணை உத்தியோகத்தரை நாடுதலும் இழிவன்று. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்லும் நாம் மனக்காய்ச்சலுக்குச் செல்ல ஏன் நாணுதல் வேண்டும்?

பிள்ளையின் கண்ணால் நோக்குக

1967 ஆம் ஆண்டில் ஹோம்ஸ், ராகே என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், வாழ்க்கை நிகழ்ச்சிகள் மனிதர்மேல் ஏற்றும் சுமையை அளந்து ஒரு பட்டியல் வெளியிட்டனர். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100 புள்ளி. அதற்கு அடுத்ததாக நின்றது விவாகரத்து; அதற்கு 73 புள்ளி. நெருங்கிய உறவினரின் மரணத்துக்குக்கூட 63 புள்ளியே. மரணம் நேர்ந்த வீட்டில் ஊர் கூடி ஆறுதல் கூறும். எட்டாம் நாளும் முப்பத்தோராம் நாளும் உறவினர் வருவர். மணம் முறிந்த வீட்டுக்கோ எவர் வருகின்றனர்? வருவோரும் துருவிக் கேட்கவே வருகின்றனர்.

இனிப் பிள்ளைகளை நோக்குவோம். சிறு குழந்தை, தான் குழப்படி செய்தமையாலேதான் அப்பா போய்விட்டார் என்று நம்பும். அதனை வெளியிற் சொல்லவுந் தெரியாது. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை இருவரையும் எவ்வாறேனும் சேர்த்துவைக்கலாம் எனக் கனவு காணும். பதின்மூன்று பதினான்கு வயதினர் ஒருவர் பக்கஞ் சார்ந்து மற்றவரை வெறுப்பர். அல்லது இருவரையும் வெறுத்து வீட்டுக்கு வெளியே துணை தேடுவர். ஆசிரியராயிருப்போர் இவற்றை நாள்தோறும் காண்கின்றனர். நன்றாகப் படித்த மாணவன் திடீரெனப் பின்வாங்குகிறான். கேட்ட வினாவுக்கு விடை கூறாது யன்னலை நோக்குகிறான். தேர்ச்சியறிக்கையிற் பெற்றாரின் கையொப்பம் வாங்கிவரும்படி கூறினால் அவன் முகம் வாடுகிறது. எவரிடம் வாங்குவது என்பதே அவனுக்குப் பெரும் வினா.

ஆயினும் நம்பிக்கை இழத்தல் வேண்டா. மேவிஸ் ஹெதரிங்ரன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் விவாகரத்துற்ற குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, 2002 ஆம் ஆண்டில் தம் முடிபுகளை நூலாக வெளியிட்டார். விவாகரத்துற்ற குடும்பத்துப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 25 பேர் கடுமையான மனநலச் சிக்கல்களுக்கோ ஒழுக்கச் சிக்கல்களுக்கோ உள்ளாயினர். பிரியாத குடும்பங்களில் அத்தொகை 10. வேறுபாடு பெரிதே. ஆனால் அதே கணக்கைத் திருப்பி நோக்கினால், நூற்றுக்கு 75 பேர் காலப்போக்கில் நிலைபெற்றனர் என்பதும் புலனாகும். போல் அமாற்ரோ முதலிய சமூகவியலாளர் வேறோர் உண்மையைக் கண்டனர். ஓயாத கடும்பூசல் நிறைந்த வீட்டுப் பிள்ளைகள், பெற்றார் பிரிந்தபின் நலமடைந்தனர். பெரும்பூசல் இல்லாத வீடு முறிந்தபோதோ பிள்ளைகள் பெருந்துன்பம் அடைந்தனர்.

இவ்விரண்டினின்றும் நாம் கற்பது யாது? பிள்ளைக்காகச் சேர்ந்திருக்கிறோம் என்று கூறி நாள்தோறும் போர் புரிதல் பிள்ளைக்குச் செய்யும் நன்மையாகாது. சலிப்பு, சிறு ஏமாற்றம், முன்போல இனிமை இல்லை என்ற குறை ஆகியவற்றுக்காக அவசரப்பட்டு இல்லறத்தைக் கலைத்தலும் நன்மையாகாது. பின்னைய நிலையில் உள்ளோர் திருத்திக்கொள்ள முயலவேண்டும். முன்னைய நிலையில் உள்ளோர் முதலில் போரை நிறுத்தவேண்டும், இயலாவிடின் பிரியவேண்டும், பிரிந்தபின்னும் போரைத் தொடரலாகாது.

பிரிந்தோர் கைக்கொள்ளவேண்டிய நெறிகள்

முதலாவது: பிரியும் முடிவைத் தாயுந் தந்தையும் ஒருங்கிருந்து பிள்ளைகளுக்குக் கூறுதல் நன்று. ‘இதற்கு நீ காரணமல்லை, நாங்கள் இருவரும் என்றும் உன் அம்மாவும் அப்பாவுமே’ என்ற சொற்களை ஒருமுறையல்ல, பலமுறை கூறுதல் வேண்டும். பாட்டி வீட்டுக்குப் போகிறோம் என்று பொய் கூறி இரவோடிரவாகப் பிள்ளையை வேற்றூருக்குக் கொண்டுபோதல் அதன் நம்பிக்கையை வேரோடு பறிப்பதாகும்.

இரண்டாவது: பிள்ளையைத் தூதனாக்காதீர்கள்; ஒற்றனாக்காதீர்கள்; சாட்சியாக்காதீர்கள். ‘கொப்பரிடம் காசு கேள்’, ‘அம்மா யாரோடு கதைக்கிறாள்?’ என்பன பத்து வயதுத் தோளில் ஏற்றத்தக்க சுமைகளா? சொல்லவேண்டியதை நேரே சொல்லுங்கள்; இயலாவிடிற் கடிதத்தில் எழுதுங்கள்.

மூன்றாவது: மற்றவரைப் பிள்ளையின் முன்னே இழித்துரையாதீர்கள். பிள்ளை தன்னில் ஒரு பாதி தாய், ஒரு பாதி தந்தை என்றே உணர்கிறது. ‘உன் அப்பா கயவன்’ என்று கேட்கும் சிறுவன், தானும் பாதிக் கயவன் என்றே எண்ணிக்கொள்கிறான்.

நான்காவது: பணத்தை ஆயுதமாக்காதீர்கள். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பிள்ளைகளைப் பேணும் கடமையைத் தாய், தந்தை இருவர்மீதும் சுமத்தியது. பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள, தம்மைத் தாமே பேண இயலாத மக்களுக்கும் அது வழிவகுத்தது. கட்டளை வருமட்டும் காத்திராது குறித்த திகதியில் அனுப்பும் தந்தைக்குப் பிள்ளையின் மனத்தில் உரிய இடம் உண்டு. பார்க்கவிட்டாற்றான் பணம், பணந்தந்தாற்றான் பார்வை என்ற பேரம் பிள்ளையைப் பண்டமாக்குகிறது.

ஐந்தாவது: பிள்ளையின் வாழ்வில் மாறாதிருக்கக் கூடியவற்றை மாற்றாதீர்கள். அதே பள்ளிக்கூடம், அதே நண்பர், அதே கோயில் திருவிழா, இருபக்கத்துப் பேரன் பேத்தியாரின் உறவு ஆகியவை வெள்ளத்தில் மிதப்போனுக்குக் கிடைத்த கட்டைகள் போன்றவை. தந்தைமீதுள்ள கோபத்தில் அப்பாச்சியின் மடியையும் பறித்துக்கொள்ளுதல் நீதியா?

ஊராரின் பங்கு

கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணைக் குறிக்க நம் மொழியில் ‘வாழாவெட்டி’ என்றொரு கொடிய சொல் உண்டு. மனைவியைப் பிரிந்து வாழும் ஆணுக்கு அதற்கிணையான சொல் உண்டா? இல்லை. இவ்வொன்றே நம் சமுதாயம் எவர் தலையிற் பழியைச் சுமத்துகிறது என்பதற்குப் போதிய சான்று. மணவீட்டில் அவளை முன்னே வரவிடோம். ஆராத்தி எடுக்க அழையோம். வாடகைக்கு வீடு கேட்டால் இருமுறை யோசிப்போம். அவள் மகளுக்கு வரன் பேசும்போது அவளுடைய பழைய கதையைக் கிளறுவோம். இங்ஙனம் நாமே ஒரு தலைமுறையின் துன்பத்தை அடுத்த தலைமுறைக்கும் எழுதிக்கொடுக்கிறோம்.

இச்சொல்லை நம் வீடுகளிலிருந்து நீக்குதல் முதற்பணி. பிரிந்து வாழும் பெண் தொழில் கற்கவும் தன் காலில் நிற்கவும் உதவுதல் இரண்டாம் பணி. தகுந்த துணை வாய்ப்பின் மறுமணத்தை மனமுவந்து வாழ்த்துதல் மூன்றாம் பணி. ஆசிரியர்களுக்கும் ஒரு பணி உண்டு. வகுப்பிலே பலர் முன்னிலையில் ‘உன் தகப்பன் எங்கே?’ என்று கேளாதிருத்தலும், பெற்றார் கூட்டத்துக்கு இருவரையும் தனித்தனியே அழைக்க உடன்படுதலும் சிறு செயல்களே. ஆயினும் அச்சிறு செயல்களால் ஒரு மாணவனின் படிப்பு காப்பாற்றப்படலாம்.

நம் பிள்ளைகளுக்குச் சாதகப் பொருத்தம் பார்க்கும் அக்கறையோடு மனப்பொருத்தமும் பார்ப்போமாக. மணத்துக்கு முன் உண்மை பேசுவோமாக. மணத்தின்பின் இகழாது பேசுவோமாக. இத்துணையும் செய்தபின்னும் சில இல்லறங்கள் முறியத்தான் செய்யும். கணவன் மனைவி என்ற உறவைத் தீர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தாய் தந்தை என்ற உறவைத் தீர்க்க எந்த மன்றத்துக்கும் அதிகாரமில்லை. முன்னையது முடிந்த மறுநாளும் பின்னையதன் கடமை காலையிற் கண்விழிக்கிறது: பிள்ளைக்குச் சோறு கட்டவேண்டும், பள்ளிக்கு அனுப்பவேண்டும், தேர்ச்சியறிக்கையிற் கையொப்பமிடவேண்டும். பிரிந்த இருவரும் பகையை விட்டு அக்கடமையைச் செய்வாராயின் அப்பிள்ளை வாழும்.